கழுதை ஊற்றின் தண்ணீர்

மைதே ஆல்சாகா வந்து வண்டியை நிறுத்தியபோது நான் தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டு ஒரு செத்த புறாவைத் துழாவிக்கொண்டிருந்தேன். விழுந்த பறவைகள் ஏறி வெளியே வரட்டும் என்று தொட்டிக்குள் ஒரு கம்பிவலையைச் சாய்த்து வைத்திருப்போம். அது நழுவி அடியில் போய்விட்டது. மூன்று வருடமாக மழை இல்லை. சுற்றுவட்டாரத்தில் இறக்கை உள்ளதெல்லாம் எங்கள் தொட்டியைத் தேடித்தான் வரும், வந்து மூழ்கிச் சாகும்.

"அக்கா, உங்க தண்ணி நாறுதா?" என்றாள் மைதே. சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை.

"இந்தப் புறாவ எடுத்துட்டா நாறாது. ஏன்?"

"எங்களுது நாறுது. ஒரு வாரமா மாடு சாகுது. நேத்து மட்டும் ஆறு போச்சு. இன்னிக்கு விடியறதுக்குள்ள நாலு."

புறா கையில் சிக்கியது. இறகு மட்டும் கையோடு வந்தது, உடம்பு மறுபடி தண்ணீருக்குள் விழுந்தது. நான் அதை மறந்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். முப்பத்திநாலு வயதுப் பெண் தூங்காமல் கண் சிவந்து நின்றாள். அப்பா ஃபெர்மினுக்கு இடுப்பெலும்பு முறிந்த பிறகு பண்ணையை அவள்தான் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யுது மாட்டுக்கு?"

"பின்னங்கால் மடங்கிக்குது. படுத்தா எந்திரிக்கல. நாக்கு வெளிய தொங்குதுக்கா, உள்ள இழுத்துக்க முடியல. முழுங்க முடியல. ஆனா கண்ணு மட்டும் நல்லாப் பாக்குது. நம்மளப் பாத்துக்கிட்டே சாகுது."

டவுனிலிருந்து வந்த மாட்டு டாக்டரம்மா நாக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்த உடனே சொல்லிவிட்டாளாம்: எங்கேயோ ஒரு பிணம் தண்ணீரில் ஊறுகிறது, அழுகலில் விளையும் விஷம் இது, மருந்து கிடையாது, போய்ப் பிணத்தைத் தேடு என்று. மைதே தன் பக்கத்து மூன்று மைல் குழாயையும் மூட்டு மூட்டாகக் கழற்றிப் பார்த்துவிட்டாள். தொட்டியைக் காலிசெய்து பிரஷ் போட்டுத் தேய்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. மறுநாளே நாற்றம் திரும்ப வந்துவிட்டது.

எங்கள் இரண்டு பண்ணைக்கும் ஒரே ஊற்றுதான். கழுதை ஊற்று என்று பெயர். மேலே பாறை விளிம்புக்கு அடியில், நாலைந்து வில்லோ மரங்களுக்கு நடுவே, ஒரு ஆள் தொடை கனத்துக்குத் தண்ணீர் வருடம் முழுக்க வரும். நெவாடாவின் இந்த வடக்கு மேட்டில் அது ராஜ சொத்து. கீழே சமவெளியில் தெரிவதெல்லாம் சேஜ் புதரும் வெள்ளை உப்புத்தரையும்தான். வசந்தத்தில் அந்த உப்புத்தரையில் விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். குடித்தால் மாடு கழிந்து சாகும். ஊற்று எங்கள் நிலத்தில் இருந்தாலும், என் அப்பாவும் ஃபெர்மினின் அப்பாவும் கைகொடுத்துப் பேசிக்கொண்டபடி பாதித் தண்ணீர் அவர்களுக்கு. ஊற்றுக்குச் சற்றுக் கீழே ஒரு சிமென்ட் பெட்டி. நடுவில் தடுப்புச் சுவர், இரண்டு அறை, இரண்டு குழாய். இடது குழாய் எங்களுக்கு, வலது குழாய் அவர்களுக்கு. நாங்கள் அதைப் பங்குப் பெட்டி என்போம். அறுபது வருடம் அதற்குப் பூட்டு இருந்ததில்லை.

ஜூன் மாதம் என் அண்ணன் ஹோய்ட் அதற்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டினான். வேட்டைக்கு வருகிறவர்கள் தொந்தரவு என்றான்.

"நீங்க ஒரு தடவ அந்தப் பெட்டியத் தெறந்து பாருங்கக்கா" என்று மைதே சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஹோய்ட் வீட்டிலிருந்து இறங்கி வந்தான். அறுபது வயது. வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத ஜீன்ஸ். இந்தப் பள்ளத்தாக்கின் மாட்டுப் பண்ணைச் சங்கத்துக்குப் பதினோரு வருடமாக அவன்தான் தலைவர். யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பான்.

"நேத்தே ஏறிப் போய்ப் பாத்துட்டேன்மா" என்றான். "கண்ணாடி மாதிரி இருக்கு தண்ணி. உங்க பக்கம்தான் எங்கயோ கோளாறு."

"எல்லாம் பாத்துட்டேண்ணே."

"பாத்திருப்ப. யாரு இல்லேன்னா? தனியா ஒரு பொம்பளப் புள்ள எவ்வளவுதான் பாப்ப?" அவள் தோளில் கை வைத்தான். "இங்க பாரு. மிச்சம் இருக்கறத நான் வெலைக்கு எடுத்துக்கறேன். எங்க தண்ணிக்கு ஓட்டிட்டு வந்துடு. நெலத்தையும் நானே பாத்துக்கறேன். சாகறத வேடிக்க பாக்கறதுக்குப் பதிலா கையில காசாவது வருதுல்ல? அப்பாகிட்டப் பேசு."

மைதேயின் கண் நிறைந்துவிட்டது. "நீங்க இல்லாட்டி நாங்க என்ன ஆயிருப்போமோ அண்ணே" என்றாள்.

அவன் அவள் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தான். மாட்டை லாரியில் ஏற்றும்போது புட்டத்தில் தட்டுவோமே, அந்தத் தட்டு. அன்று எனக்கு அது அன்பாகத்தான் தெரிந்தது. இப்போது நினைத்தால் வேறெதையும்விட அந்தக் கைதான் கண் முன்னால் வந்து நிற்கிறது.

மறுநாள் ஹோய்ட் சங்க வேலையாக எழுபது மைல் தள்ளி டவுனுக்குப் போனான். நான் பெட்டியின் சாவியைத் தேடினேன். ஆணியில் இல்லை, அவன் மேசையில் இல்லை. தேடத் தேட மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. ஒரே ஊற்று, ஒரே பெட்டி. எங்கள் மாடு கொழுத்து நிற்கிறது, அவர்கள் மாடு நாக்கைத் தொங்கப்போட்டுச் சாகிறது. இரும்பு வெட்டுகிற பெரிய கத்தரியை எடுத்து பிக்கப் வண்டியில் போட்டுக்கொண்டு மேலே ஏறினேன்.

நாற்றம் மூடியைத் தூக்குவதற்கு முன்பே வந்தது. சாவு நாற்றம் எனக்குப் புதிதல்ல. பிறந்ததிலிருந்து மாடுகளோடுதான் இருக்கிறேன். வெயிலில் கிடந்து காய்கிற பிணத்தின் நாற்றம் வேறு. இது இனிப்பாக, கொழகொழப்பாக, நாக்கில் ஒட்டுகிற மாதிரி இருந்தது. பூட்டை வெட்டி மூடியைப் புரட்டினேன்.

இடது அறையில் தண்ணீர் தெளிந்து ஓடியது, அடியில் கூழாங்கல் எண்ணலாம். வலது அறையில் மூன்று சாக்கு. தீவன மூட்டைச் சாக்கு. மிதக்காமல் இருக்க ஒவ்வொன்றுக்குள்ளும் கல் போட்டுக் கம்பியால் கட்டியிருந்தது. சாக்கின் கண்களிலிருந்து சாம்பல் நிறத்தில் என்னவோ கசிந்து, நூல் நூலாக நீண்டு, குழாயின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

வைக்கோல் தூக்கும் கொக்கியை மாட்டி இழுத்தேன். முதல் சாக்கு கரைக்கு வந்ததும் கிழிந்தது. கன்றுக்குட்டியின் முன்கால் ஒன்று என் பூட்ஸ் மேல் சரிந்தது. பிடித்துத் தள்ளினேன், தோல் ஈரக் கையுறை மாதிரி முழுசாக உருவிக்கொண்டு என் கையில் வந்துவிட்டது. அங்கேயே முட்டி போட்டு வாந்தி எடுத்தேன். எடுத்து முடித்து, வாய் கொப்பளிக்க இடது அறைத் தண்ணீரை அள்ளினேன். வாய் வரை கொண்டுபோக முடியவில்லை. தெளிந்த தண்ணீர்தான். ஆனாலும் முடியவில்லை.

மூன்றாவது சாக்கில் தலை இருந்தது. காதில் மஞ்சள் வில்லை. 417 என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தது. எங்கள் கன்றுகளுக்கு வில்லை எழுதிக் குத்துவது நான்தான். ஜூன் கடைசியில் வயிறு உப்பிச் செத்த கன்று அது. பிணக்குழிக்கு இழுத்துப் போட்டுவிட்டேன் என்று ஹோய்ட் சொன்னான். மூன்று நாள் கழித்து அவன் கையுறையை வெளியே வேலியில் காயப்போட்டிருந்ததும், நான் அதைத் தாண்டிப் போகும்போது மூச்சை அடக்கிக்கொண்டு போனதும் அப்போது ஞாபகம் வந்தது.

வில்லையைக் காதோடு அறுத்து எடுத்தேன். சாக்குகளைத் தூரத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, வலது அறையைக் காலிசெய்து, மூடியைத் திறந்தே போட்டுவிட்டு இறங்கினேன். வீட்டில் சோப்புப் போட்டு ஏழெட்டு முறை கை கழுவினேன். நகக்கண்ணில் நாற்றம் போகவில்லை. நகத்தை ஒட்ட வெட்டினேன். அப்போதும் போகவில்லை.

ஐந்தரை மணிக்கு ஹோய்ட் வந்தான். வெயில் இன்னும் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. கை கழுவி, மேசையில் உட்கார்ந்து, தலை குனிந்து, இந்த உணவுக்காகவும் இந்தத் தண்ணீருக்காகவும் ஆண்டவருக்கு நன்றி என்று வழக்கம்போல ஜெபம் சொன்னான். அவன் ஆமென் சொல்லும்வரை காத்திருந்து, வில்லையை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். காதின் துணுக்கு அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பார்த்தான். ஒரு விரலால் மேசை ஓரத்துக்குத் தள்ளினான். ரொட்டியை எடுத்து வெண்ணெய் தடவ ஆரம்பித்தான்.

"சாப்பாட்டு மேசைல வெக்கிற சாமானா இது?" என்றான்.

"அண்ணே!"

"கத்தாத. காது கேக்குது."

"முப்பது மாட்டுக்கு மேல செத்திருக்கு."

"செத்துதான் போயிருக்கும், வெர்னா. இன்னிக்கு இல்லாட்டி அக்டோபர்ல. ஊத்துல வர்ற தண்ணி பாதியாப் போச்சு, பாத்தியா இல்லையா? பாதில பாதி வெச்சு ரெண்டு பண்ண பொழைக்க முடியாது. ஒண்ணு பொழைக்கலாம். அவங்களுக்கு நான் கௌரவமா ஒரு வழி காட்டினேன்."

"கௌரவமா? பொணத்தப் போட்டா?"

"வேற எப்படிப் போவாங்க? ஃபெர்மின் போவானா? அவன் அப்பன் மாதிரி பிடிவாதம். பேசிப் பாத்தேன், ரெண்டு வருஷமா." ரொட்டியைக் கடித்தான். மெல்லுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவன் தாடையில் வெண்ணெய் மினுங்கியது. "நான் யாருக்காகப் பண்ணேன்? எனக்குப் பொண்டாட்டியா புள்ளையா? இந்தப் பண்ணைல பாதி உன் பேருலதான இருக்கு?"

"என் பேரச் சொல்லாத."

"சொல்லுவேன். ஜூன்ல புதுப் பூட்டப் பாத்தல்ல? ஏன்னு ஒரு தரம் கேட்டியா? பெட்டிக்கு நான் ஏறிப் போய் வந்தப்பல்லாம் எங்க போனேன்னு கேட்டியா? உனக்கு மூக்கு இல்லையா என்ன? வாயத் தெறக்கல நீ. இப்ப வந்து நியாயம் பேசற."

அவன் சொன்னதில் பொய் இல்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்றுதான் நான் கேட்கவில்லை. அதை அவன் வாயால் கேட்டபோது, மேலே பெட்டியருகே வராத அருவருப்பு ஒன்று வந்தது. அந்த நாற்றம் கையில் மட்டும் இல்லை என்று தோன்றியது. எழுந்து என் தட்டைக் குப்பையில் கவிழ்த்துவிட்டு, நேரே ஆல்சாகா வீட்டுக்கு வண்டியை விட்டேன்.

ஃபெர்மின் முன்னறையில் நாற்காலியில் இருந்தார். எழுபத்தாறு வயது. ஸ்பெயின் பக்கத்து பாஸ்க் தேசத்திலிருந்து ஆடு மேய்க்க வந்த குடும்பம். கருப்பு வட்டத் தொப்பியை வீட்டுக்குள்ளும் கழற்ற மாட்டார். மைதே அடுப்பில் பீன்ஸும் சொரிசோ தொத்திறைச்சியும் வைத்திருந்தாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், பூட்டைப் பார்த்தும் நான் கேட்காமல் இருந்ததையும் சேர்த்து.

மைதே கரண்டியும் கையுமாக அடுப்பிலிருந்து திரும்பினாள். பிறகு ஃபெர்மின் கேட்டார்.

"எந்த மாசத்துலேருந்து?"

"ஜூன் கடைசி, மாமா."

"ஜூலைல ஒம்பது நாள் நான் அந்தத் தொட்டிகிட்ட குடிசைல இருந்தேன். வீட்டுல சும்மா ஒக்காந்திருக்க முடியலன்னு இவதான் கொண்டுபோய் விட்டா. அந்தத் தண்ணிலதான் காப்பி போட்டுக் குடிச்சேன்." தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "காப்பி ஒரு மாதிரி கொழகொழன்னு இருந்துச்சு. வயசாயிட்டா நாக்கு செத்துப்போகும்னு சொல்லுவாங்களே, அதுதான்னு நெனச்சேன்."

கொதிக்கவைத்துக் குடித்ததால் தப்பித்தார் என்று டாக்டரம்மா பிறகு சொன்னாள். அந்த நேரம் அதெல்லாம் தெரியாது. மைதே கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். அவள் ஓங்கரிக்கிற சத்தம் உள்ளே கேட்டது. ஃபெர்மின் எச்சிலைக் கூட்டி, சொந்த வீட்டுத் தரையில், என் பூட்ஸுக்கு ஒரு சாண் தள்ளித் துப்பினார்.

"அவன் எங்க வீட்டு ஈஸ்டர் விருந்துல ஒக்காந்து ஆட்டுக்கறி தின்னானே" என்றார். "ரெண்டாவது தட்டு கேட்டு வாங்கித் தின்னானே."

மைதே வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். "நான் அவருக்கு நன்றி சொன்னேன்" என்றாள். அன்றைக்குப் பிறகு அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. வெர்னா என்றுதான்.

போலீஸ் வந்தது. வந்த ஆள் குறிப்பேட்டில் அரைப் பக்கம் எழுதினான். மாடுகள் செத்தது நோயால், பெட்டி இருப்பது ஹோய்டின் குடும்ப நிலத்தில், தண்ணீர்ப் பங்குக்குக் காகிதம் எதுவும் இல்லை, வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போங்கள் என்றான். மைதே சங்கத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். ஒன்பது பண்ணைக்காரர்கள், காப்பி, செர்ரி பை என்கிற பழப் பலகாரம். தலைவர் நாற்காலியில் ஹோய்ட் உட்கார்ந்திருந்தான். தன் விஷயம் என்பதால் இன்று மட்டும் தலைமை தாங்கவில்லை என்று அறிவித்துவிட்டு நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டான், அவ்வளவுதான். மைதே எழுந்து சொன்னாள். நான் எழுந்து சொன்னேன், சாக்கு எத்தனை, தலை எதில் இருந்தது என்பது வரை. ஒருத்தர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். மற்றவர்கள் தின்றுகொண்டே கேட்டார்கள்.

"வறட்சின்னு வந்துட்டா எல்லாரும் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருப்பாங்க" என்றார் ஒருவர்.

"கூடப் பொறந்தவனையே காட்டிக் குடுக்கறதா, வெர்னா?" என்றார் இன்னொருவர். "உங்க அப்பா இருந்தா மனசு ஒடஞ்சிருப்பாரு."

"எங்க அப்பா இருந்தா அவனத் தூக்கி அந்தப் பெட்டில போட்டிருப்பாரு" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். கடைசியில் ஒரு தீர்மானம் போட்டார்கள்: பங்குப் பெட்டியைச் சுத்தமாக வைத்துக்கொள்வது இரு தரப்பின் பொறுப்பு. இரு தரப்பின். மைதே தன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஹோய்ட் எனக்கு அந்தப் பலகாரத்தில் ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்து நீட்டினான்.

காகிதம் இல்லை என்று அந்தப் போலீஸ்காரன் சொன்ன வார்த்தை மட்டும் எனக்குள் தங்கிவிட்டது. ஊற்றின் உரிமை அப்பா பெயரிலிருந்து எங்கள் இரண்டு பேர் பெயருக்கும் சரிபாதியாக வந்திருந்தது. டவுனில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். என் பாதியை நான் யாருக்கும் எழுதிக் கொடுக்கலாம், அண்ணன் கையெழுத்துத் தேவையில்லை என்றாள். அந்த வாரமே ஃபெர்மின், மைதே பெயருக்கு எழுதிவிட்டேன். என் பங்கு மாடுகளை விற்றேன். தண்ணீர் இல்லாமல் மாட்டை வைத்து என்ன செய்ய?

ஹோய்டுக்குக் காகிதம் போய்ச் சேர்ந்த அன்று பட்டிக்கு வந்தான். முதல் முறையாக அவன் சட்டை கசங்கியிருந்ததைப் பார்த்தேன்.

"பைத்தியமாடி உனக்கு? நம்ம ரத்தத்தத் தூக்கி அவங்க கைல குடுத்திருக்க."

"தண்ணியத்தான் குடுத்தேன். ஏற்கெனவே அவங்களுதுதான்."

"இந்த வீட்டுல இனிமே எப்படிச் சாப்பிடுவ?"

"இந்த வீட்டுல நான் சாப்ட்டு மூணு வாரம் ஆச்சு. நீ கவனிக்கல."

உண்மைதான். கொட்டகைக்குப் பின்னாலிருந்த சக்கரம் வைத்த பழைய டிரெய்லர் வீட்டில் டப்பா உணவைத் தின்று காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் டிரெய்லரை பிக்கப்பில் மாட்டி இழுத்துக்கொண்டு பள்ளத்தாக்கின் மறு கோடிக்குப் போனேன். அங்கே ஒரு பண்ணையில் சமையலுக்கும் வேலி பார்க்கவும் ஆள் தேவைப்பட்டது.

பத்திரத்தை ஆல்சாகா வீட்டில் கொடுத்தபோது அவர்கள் நன்றி சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஃபெர்மின் அதைக் கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார்.

"எங்க அப்பனுக்கு இங்கிலீஷ் எழுதத் தெரியாது" என்றார். "உங்க அப்பன் எழுதல, ஏன்னா எழுதினா அவமானப்படுத்தற மாதிரி இருக்கும்னு நெனச்சான். இப்ப முத்திர குத்தி வருது." மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "போயிட்டு வாம்மா."

மைதே கேட் வரை வந்தாள். நூற்றி நாற்பது மாட்டில் மிஞ்சியது எண்பத்தெட்டு. அதை விற்கவில்லை. பழைய பெட்டியைக் கடப்பாறையால் உடைத்து, ஊற்றின் வாயிலேயே புதிதாக ஒன்று கட்டிக்கொண்டிருந்தாள். மூடி கிடையாது, கம்பித் தட்டிதான். குதிரை மேல் போகிற எவனும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகலாம். தட்டியை அவளே வெல்டிங் செய்திருந்தாள்.

"வாரத்துக்கு ஒரு தடவ தண்ணிய டெஸ்ட்டுக்கு அனுப்பறேன்" என்றாள். "சுத்தமா இருக்குன்னுதான் வருது. ஆனா அப்பா குடிக்க மாட்டேங்கறாரு. கடைல பாட்டில் வாங்கிட்டு வரச் சொல்றாரு."

"நீ?"

"மாட்டுக்குக் குடுக்கறேன். நான் குடிக்காம மாட்டுக்குக் குடுக்கறது தப்புல்ல? அதனால குடிக்கறேன். கண்ண மூடிக்கிட்டு."

அந்தக் குளிர்காலம் பனி கொட்டியது. மலையில் இடுப்பளவு நின்று மெதுவாக உருகி, ஏப்ரலில் ஊற்று பழைய கனத்துக்கு வந்துவிட்டதாகச் சொன்னார்கள். இரண்டு பண்ணைக்கும் தாராளமாகப் போதும். பத்து மாதம் பொறுத்திருந்தால் போதும், அவ்வளவுதான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவதில்லை. நகக்கண்ணில் அந்த நாற்றம்தான் திரும்ப வருகிறது.

சங்கம் ஜனவரியில் ஹோய்டை மறுபடி தலைவராக்கியது. எதிர்த்து யாரும் நிற்கவில்லை. அதற்கு முன்பே கிறிஸ்துமஸுக்கு அவன் எனக்கு ஒரு பெரிய பன்றித் தொடையை, கிராம்பு குத்தி, சிவப்பு ரிப்பன் கட்டி, டிரெய்லர் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தான். அட்டையில் 'கோபம் எத்தனை நாளைக்கு?' என்று எழுதியிருந்தது. நாய்க்குப் போட்டேன். நாய் ரிப்பனைத் தவிர எல்லாவற்றையும் தின்றது. நாய்க்கு என்ன தெரியும்.

போன மாதம் டவுனில் பெட்ரோல் பங்கில் அவனைப் பார்த்தேன். எதிர் வரிசையில் நின்று வண்டிக்குப் போட்டுக்கொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத ஜீன்ஸ். என்னைப் பார்த்து, ஒன்றுமே நடக்காத மாதிரி, இரண்டு விரலால் தொப்பியைத் தொட்டான். நான் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.